நீ போன வழியில் ஊற்றிய தண்ணீர்

நோம்பிக்கு வராதே. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். அன்புள்ள மகனுக்கு, நலம், நலமறிய ஆவல் என்று முறைப்படி ஆரம்பித்தால் பாதிக் கடிதத்துக்குள் மனசு இளகி, சரி சாமி, வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று எழுதிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதனால் வராதே என்பதை முன்னால் வைத்துவிட்டு மற்றதைப் பேசுகிறேன். மாரியம்மன் இந்த வருஷமும் நீ இல்லாமல் தேர் ஏறிக்கொள்வாள். அவளுக்கு ஒன்றும் குறைந்துபோகாது.

நீ வருகிற சேதி எனக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்பாய். உன்னோடு பேசக் கூடாது என்று என் போனைத்தான் உங்கப்பா பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாரே. கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று நாமக்கல்லுக்குப் போனேன். உங்கப்பா என்னை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டுக் கோழித் தீவனம் பார்க்கப் போய்விட்டார். நான் திரும்பி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பின்னாலிருந்து 'ஏனுங் சாமி' என்று ஒரு குரல். ராசம்மா. நம் பண்ணையில் இத்தனை வருஷம் முட்டை பொறுக்கின ராசம்மா, சங்கீதாவின் அம்மா, இப்போது உன் மாமியார். உங்கள் கல்யாணம் தெரிந்த அன்றைக்கே உன் பெரியப்பா அவளைப் பண்ணையைவிட்டு நிறுத்தினார். வீட்டைப் பூட்டிக்கொண்டு குமாரபாளையத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே தறிக் கூடத்தில் நூல் சுற்றுகிறாளாம். இருமல் வந்துவிட்டது. ரேஷன் கார்டு விஷயமாக அன்றைக்கு நாமக்கல் வந்திருந்தாள்.

பக்கத்தில் வந்து நிற்கவில்லை. எப்போதும் போல எட்டி நின்றாள். பஸ் ஸ்டாண்டில் ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு போகிறார்கள், இவள் மட்டும் எனக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற இடம் விட்டு நின்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'சம்பந்தி ஆயிப்போச்சு, இன்னும் என்ன சாமி, இன்னும் என்ன தள்ளி நிக்கறது?' என்றேன். 'வாய் பழகிப்போச்சுங் சாமி. காலும் பழகிப்போச்சு' என்றாள். பிறகு போனை எடுத்து உன் குரலைப் போட்டுக் காட்டினாள். 'அத்தை, நோம்பிக்கு நாங்க ரெண்டு பேரும் வாரோம். எங்கம்மாகிட்டச் சொல்லிருங்க. எத்தன நாளைக்கு ஒளிஞ்சுக்கறது?' நீ ராசம்மாவை அத்தை என்று சொன்னதை அன்றைக்குத்தான் கேட்டேன். சின்ன வயசில் 'ஏ ராசம்மா, பந்தை எடுத்துப் போடு' என்பாய். அவள் என்னைவிட மூத்தவள். அது தப்பு என்று அப்போது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை, உனக்கும்தான்.

'தம்பியை வர வேண்டாம்னு சொல்லிப்போடுங் சாமி' என்றாள் ராசம்மா. 'நாஞ் சொன்னாக் கேக்க மாட்டேங்குது. நான் எம்புள்ளையப் பாக்காட்டிப் போகுது. அது உசுரோட எங்கியோ இருந்தாப் போதுமுங்.' அவள் அழவில்லை. நான்தான் பஸ் ஸ்டாண்டில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். 'நீங்களே பேசுங்க, போட்டுத் தரேன்' என்று போனை நீட்டினாள். நான் வாங்கவில்லை. உன் குரலோடு நேரில் பேசினால் வா என்றுதான் சொல்வேன். அதனால் எழுதுகிறேன், அதுவும் நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கு எழுதுகிறேன். இந்தப் பத்திரிகையை நீ போனில் தவறாமல் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா படித்துவிடுவாரோ என்று பயப்படாதே. பேப்பரில் முட்டை விலையைத் தவிர வேறு எதையும் அவர் படித்து நான் பார்த்ததில்லை. படித்தாலும் படிக்கட்டும். ஊருக்குத் தெரியாத ரகசியம் இதில் ஒன்றே ஒன்றுதான், அதை நானே கடைசியில் சொல்லப் போகிறேன்.

நீ பழைய கட்டிடங்களை அளக்கிற வேலையாக அந்த ஷிராஸ் பட்டணத்துக்குப் போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீடியோவில் வருவாய். போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடப்பாய். நான் அடுப்படியில் பருப்பு வேகவைத்துக்கொண்டே பாரசீக தேசத்தின் தெருக்களைப் பார்ப்பேன். நாமக்கல் கடைவீதியில் எனக்கு நாலு சந்து தெரியாது, ஷிராஸில் எல்லாம் தெரியும். ரெண்டு மலைக்கு நடுவில், ஊர் ஆரம்பிக்கிற இடத்தில் நிற்கிற குர்ஆன் வாசலைக் காட்டினாய். அந்தக் காலத்தில் வாசலுக்கு மேலே சின்ன அறை கட்டி அதில் வேதப் புத்தகத்தை வைத்திருந்தார்களாம். வெளியூர் கிளம்புகிறவர்கள் அதற்கு அடியில் புகுந்து போனால் நல்லபடி திரும்பி வருவார்களாம். ரோடு போடுவதற்காகப் பழைய வாசலை இடித்துவிட்டார்கள், ஒரு வியாபாரி திரும்பக் கட்டிக் கொடுத்தார் என்றாய். இன்னும் காஸெரூன் வாசல், இஸ்பகான் வாசல் என்று எத்தனையோ பேர் சொன்னாய். அங்கெல்லாம் போய்ப் பார்த்தால் ஒரு வாசலும் இல்லை, நாலு பழக்கடையும் டாக்சி ஸ்டாண்டும்தான் இருக்கிறது. 'கதவு போயி எத்தனையோ காலம் ஆச்சும்மா, பேரு மட்டும் போகல. டாக்சிக்காரர் இன்னும் வாசல் வாசல்னுதான் கூவறாரு' என்று சிரித்தாய்.

ஒரு நாள் பழைய மரக்கதவு ஒன்றின் முன்னால் நின்றுகொண்டு, 'அம்மா, இதப் பாருங்க' என்று சின்னப் பையன் மாதிரி துள்ளினாய். ஒரே கதவில் ரெண்டு இரும்பு. ஒன்று கனமான கட்டை மாதிரி, ஒன்று வளையம் மாதிரி. ஆம்பிளை வந்தால் கட்டையைத் தட்டுவார், பொம்பிளை வந்தால் வளையத்தைத் தட்டுவார், சத்தத்தை வைத்தே யார் போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்று உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றாய். எவ்வளவு மரியாதையான ஏற்பாடு பாருங்கள் என்றாய். நான் பருப்பைக் கடைந்துகொண்டே, 'நம்ம ஊட்டுக்கு இரும்பே வேண்டாஞ் சாமி, ஆளு நிக்கற இடத்த வெச்சே தெரிஞ்சுக்குவோம்' என்றேன். நான் ராசம்மாவை நினைத்துச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் அவள் நம் முன்வாசலில் நின்றதில்லை. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலிப் பக்கம், மாட்டுக் கொட்டகை ஓரம் வந்து நின்று சாமீ என்று ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரலுக்கு எந்தத் தம்ளரை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று என் கைக்குத் தெரியும்.

இன்னொரு நாள் ஒரு சந்தைக் காட்டினாய். ரெண்டு சுவருக்கும் நடுவில் நீ கையை விரித்தால் இடித்தது. சண்டை சமாதானச் சந்து என்று அதற்குப் பேராம். பேச்சு வார்த்தை இல்லாத ரெண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் உரசிக்கொண்டுதான் போக வேண்டும், உரசும்போது எப்படி முகத்தைத் திருப்பிக்கொள்வது, ஒரு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும் என்றாய். நல்ல சந்துதான். நம் தெருவில் கோழி லோடு லாரி ரெண்டு ஒதுங்காமலே போகும். அவ்வளவு அகலமாக விட்டிருக்கிறார்கள் நம் முன்னோர்கள், யாரும் யார் மேலும் பட்டுவிடக் கூடாது என்று.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ லீவுக்குக் கிளம்பும்போது வீடியோவைப் போட்டுவிட்டு நீ வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரம்மாவைக் காட்டினாய். நீ மரியாதையாகக் கானும் கானும் என்று கூப்பிடுவாயே, அந்த வெள்ளை முடி அம்மாள். அவர் வேதப் புத்தகத்தை உயரத் தூக்கிப் பிடித்து உன்னை அதற்கடியில் போகச் சொன்னார். நீ பெட்டியை இழுத்துக்கொண்டு சந்தில் நடந்தாய். நாலு எட்டு வைப்பதற்குள் அந்த அம்மாள் ஒரு கிண்ணத்துத் தண்ணீரைச் சர்ரென்று உன் பின்னால் தரையில் வீசினார். தண்ணீரில் ஒரு பச்சை இலை வேறு. நான் இங்கே அலறிவிட்டேன். 'அடக் கடவுளே, யாரு அவ, எம்பையன் பொறப்படறப்பத் தண்ணி ஊத்தறவ! அவ கையி வெளங்குமா!' என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். நம் வீட்டில் ஆள் வெளியூர் கிளம்பினால் அவர் ஊர் எல்லை தாண்டுகிறவரை விளக்குமாற்றைத் தொட மாட்டேன், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ள மாட்டேன். ஆள் போனதும் தண்ணீர் விட்டுக் கழுவுவது எழவு வீட்டில்தான், பாடை தெருவைத் தாண்டின பிறகு. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். 'அம்மா, இந்த ஊருல அது சீக்கிரம் திரும்பி வரட்டும்னு ஊத்தறதும்மா. தண்ணி எப்படி ஓடி வருதோ அப்படி ஆளும் ஓடி வந்துருமாம்' என்றாய். நான் சமாதானமாகவில்லை. நீ நம் வீட்டுப் படியேறும்வரைக்கும் அந்த அம்மாளைத் திட்டிக்கொண்டே இருந்தேன். நீ வந்து நாலு நாள் என் கையால் சாப்பிட்டாய், 'வாரேம்மா' என்று சொல்லிவிட்டுச் சென்னைக்குப் போனாய். சங்கீதா அங்கே ஒரு லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். ரிஜிஸ்டர் ஆபீஸில் மாலை மாற்றிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு பறந்துவிட்டாய். ஒரு வார்த்தை என்னிடம் சொன்னாயா? சொன்னால் தடுத்திருப்பேன் என்று நினைத்தாய். தடுத்திருப்பேன்தான். அதற்காகச் சொல்லாமல் இருப்பதா?

சரி, அதை விடு. நம் ஊர் வாசலைப் பற்றிப் பேசுவோம். அதை வரைந்தது யார்? நீ கோயம்புத்தூரில் கட்டிடக் கலை படித்துக்கொண்டிருந்தபோது உன் பெரியப்பா, தன் அப்பாவான, செத்துப்போன உன் அப்பாருவின் பேரில் ஊர் முகப்பில் ஆர்ச் கட்டப் போகிறேன் என்றார். ஊரில் எங்கள் பையனே இருக்கிறான், வரையட்டும் என்றார். நீ லீவில் வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அளந்து அளந்து வரைந்தாய். நல்ல அழகாகத்தான் இருந்தது. அவர் அதன் தலையில் ரெண்டு சிமெண்ட் சிங்கத்தை உட்கார வைத்தார். கோழிப்பண்ணைக்காரருக்குச் சிங்கம் எதற்கு, ரெண்டு சேவலை வைக்கலாமே என்று நீயும் நானும் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். திறப்பு விழாவுக்கு வெடி வெடித்தார்கள், கறிச் சாப்பாடு போட்டார்கள். உன்னைக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மாலை காய்ந்திருக்காது, சங்கீதாவின் அப்பா செத்துப்போனார். ஆர்ச் வருவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுப் பாடையும் அந்தத் தார் ரோட்டில்தான் போகும். பஞ்சாயத்து ரோடு, யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அன்றைக்குப் பாடை ஆர்ச்சுக்குப் பக்கத்தில் வந்ததும் உன் பெரியப்பா ரோட்டின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். 'எங்கப்பன் பேருக்கடியில இவனுகளோட பொணம் போறதா? ஏரிக்கரையில போங்கடா' என்றார். மழைக்காலம். ஏரிக்கரை முழங்கால் சேறு. பாடை தூக்கினவர்களில் ஒருத்தர் வழுக்கி விழுந்தார். பிணம் சரிந்ததைச் சங்கீதா பார்த்தாள். நீயும் பார்த்தாய். வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு சோற்றைத் தொடாமல், 'நாந்தானம்மா வரஞ்சேன்' என்றாய். 'நீ வரஞ்சது ஆர்ச்சு சாமி. அவரு கட்டுனது வேற. நீ சாப்பிடு' என்றேன். அன்றைக்கு என்னால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான். பிற்பாடு உங்கப்பாகூடப் பிறந்த அத்தை செத்தபோது பாடை, பேண்டு வாத்தியத்தோடு அதே ஆர்ச்சுக்கடியில்தான் போனது. நீ அந்த எழவுக்கு வரவில்லை. வராததற்கு ஊர் உன்னைத் திட்டியது, எனக்குக் காரணம் தெரியும்.

அதற்குப் பிறகுதான் நீ ஊர் ஊராக வாசல்களை அளக்கப் போனாய். நான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. கடல் தாண்டிப் போய் எவனோ இடித்த வாசலுக்கு இவ்வளவு கவலைப்படுகிறாயே, நீ வரைந்த வாசல் இங்கே ஒரு செங்கல் குறையாமல் நிற்கிறது. வருஷா வருஷம் நோம்பிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். சிங்கத்துக்கு மீசை வரைந்திருக்கிறார்கள். அங்கே வாசல் போய்ப் பேர் நிற்கிறது, நம் ஊரில் வாசல் வருவதற்கு முன்னாலேயே காவல் இருந்தது. நீ அதற்குச் சிமெண்டில் உடம்பு கொடுத்தாய். இனிமேல் எந்த ஊர் வாசலைப் பார்த்தாலும் அதன் அழகைக் கடைசியில் பார். அதில் யாரை விட்டார்கள், யாரை விடவில்லை என்று முதலில் கேள். ஷிராஸிலும் கேள். வேதத்துக்கு அடியில் போனவர்களை மட்டும் உனக்குச் சொல்லியிருப்பார்கள். பெத்தவள் என்றால் புத்தி சொல்ல வேண்டுமாம், இதுதான் எனக்குத் தெரிந்த புத்தி.

உங்கள் போட்டோ ஊருக்கு வந்த கதையை நீ முழுசாகக் கேட்டதில்லை. அந்தக் குர்ஆன் வாசலுக்கு முன்னால் நீயும் சங்கீதாவும் நின்று எடுத்துக்கொண்டது. அவள் சிவப்பு முக்காடு போட்டிருந்தாள், நெற்றியில் பொட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு. சந்தோஷத்தில் நீ அதை இன்டர்நெட்டில் போட்டுவிட்டாய். சாயங்காலத்துக்குள் ஊரில் எல்லார் போனிலும் இருந்தது. பெரியப்பா மகன், உன்னை முன்னால் உட்கார வைத்து சைக்கிள் மிதித்தானே அவன், போனைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். நான் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். நம் பண்ணையில் அம்மாவுக்குச் சோறு கொண்டு வருகிற பெண்ணை நான் ஒரு நாளும் சிரித்துப் பார்த்ததில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் பங்காளிகள் எல்லாரும் நம் வாசலில் கூடினார்கள். நான் காப்பி போட்டேன். ஆமாம், நான்தான் போட்டேன், எத்தனை தம்ளர் என்று எண்ணிப் போட்டேன். பெரியப்பா சொன்னார்: 'அவன் செத்துட்டான்னு தலைய முழுகிப்போடுங்க. இல்லீன்னா இந்த ஊட்டு நல்லது கெட்டதுக்கு ஒருத்தனும் வரமாட்டான். கோயில்ல வரியும் வாங்க மாட்டோம்.' உங்கப்பா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே, 'அண்ணன் சொன்னாச் சரிதானுங்க' என்றார். ஊரில் அவரை நல்ல மனுஷன் என்பார்கள். யாருக்கு எதிரிலும் வாய் திறக்காதவருக்கு அந்தப் பேர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. உன் அண்ணன், அந்தப் பெரியப்பா மகன், தூணில் சாய்ந்துகொண்டு என்னிடம் சொன்னான்: 'வரட்டுஞ் சித்தி, ரெண்டு பேரும் வரட்டும். ஆர்ச்சு தாண்டட்டும், அப்பறம் நாங்க பாத்துக்கறோம்.' சொல்லிவிட்டு ஒரு வாய் குடித்தான். 'காப்பியில சக்கர கம்மி சித்தி' என்றான். சாமி, அவன் கத்தியிருந்தால்கூட நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நான் உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து அவன் தம்ளரில் போட்டேன். அவனும் அவன் கூட்டாளிகளும் இன்றைக்கும் சாயங்காலம் ஆனால் பைக்கை ஆர்ச்சுத் தூணில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். போலீசில் சொல்லுங்கள் என்பாய். என்னவென்று சொல்ல? சர்க்கரை கேட்டான் என்றா?

அன்றைக்கு மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினார்கள். உங்கப்பா குனிந்து நின்றார், அவர் தலையில் குடத்துத் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். அப்புறம் என்னை நிறுத்தினார்கள். பாதியில் மூச்சு முட்டியது, பரவாயில்லை. எழவு வீட்டைக் கழுவுகிற மாதிரி நடுவீட்டிலிருந்து படிவரைக்கும் தண்ணீர் விட்டுத் தள்ளினார்கள். உன் ரூமையும் விடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு பெரியப்பா, 'பெத்தவ கையில ஒரு சொம்பு குடுங்க. அவன் போன ரோட்டுல ஊத்திப்போட்டுத் திரும்பிப் பாக்காம வரட்டும். அப்பத்தான் அத்துப்போகும்' என்றார். ஊரே பின்னால் வந்தது. ஈரப் புடவையோடு ஆர்ச்சுவரைக்கும் நடந்தேன். வழியில் நம் வேலியோரத்து வேம்பில் ஒரு கொழுந்தைக் கிள்ளிச் சொம்பில் போட்டேன். எதுக்கு என்று யாரோ கேட்டார்கள். தோஷம் போக என்றேன். ஆர்ச்சுக்கடியில் நின்று, நீ பஸ் ஏறின திசையைப் பார்த்து, சொம்புத் தண்ணீரை ஒரே வீச்சில் வீசினேன். ரோட்டில் ரொம்ப தூரம் ஓடியது. பொம்பிளைகள் மூக்கைச் சிந்தினார்கள். பெரியப்பாவுக்கு மனசு நிறைந்துவிட்டது. 'இப்பத்தான் இந்தக் குடும்பத்துப் பொம்பள' என்றார்.

இத்தனை பேர் பார்த்தார்கள், ஒருத்தருக்கும் தெரியவில்லை. உனக்கு மட்டும் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதினேன். நான் திட்டினேனே, உன் கானும் அம்மாள், அவர் காலில் விழுந்து நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அந்தத் தண்ணீரை அவர் கையால்தான் ஊற்றினேன்.

டிவியில் நீ இருக்கிற நாட்டின் பேர் வந்தாலே முன்பெல்லாம் உடனே உனக்குப் போன் போட்டுவிடுவேன். சண்டை என்கிறார்கள், குண்டு என்கிறார்கள், போதும் சாமி, ஊருக்கு வந்துவிடு, நம் ஊரில் என்ன பயம் என்று உன்னிடம் அழுதவள் நான். அந்த வாய்தான் இப்போது அங்கேயே இரு என்கிறது. பெத்த பிள்ளைக்கு எந்த ஊரும் ஆகும், பிறந்த ஊர்தான் ஆகாது என்று ஒரு அம்மாவை எழுத வைத்துவிட்டார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சங்கீதாவிடம் சொல், அவள் அம்மாவுக்கு இருமல் மருந்து வாங்கிக் கொடுத்தேன், முதலில் வேண்டாம் என்றாள், அப்புறம் வாங்கிக்கொண்டாள். பஸ் வந்தபோது என் கையைப் பிடித்தாள். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள், பிறகு யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

எப்போது வரலாம் என்று கேட்பாய். சங்கீதா முன்னால் நடக்க, நீ பின்னால் நடக்க, ராசம்மா உங்களுக்கு நடுவில் நடக்க, அந்த ஆர்ச்சுக்கடியில் பட்டப்பகலில் வர முடிகிற அன்றைக்கு வா. என் கண்ணுக்கு அதுவரை பார்வை இருக்குமா என்று டாக்டரைக் கேட்கவில்லை, கேட்டு என்ன ஆகப்போகிறது. அதுவரைக்கும் வராதே. நான் சொல்கிறேன் என்று வராதே. தினமும் விடிந்ததும் வாசல் தெளிக்கிறேன். கடைசிச் சொம்பை மட்டும் வாசலில் ஊற்றுவதில்லை, வேப்பங்கொழுந்தைக் கிள்ளிப் போட்டு ரோட்டுப் பக்கம், நீ போன பக்கம் வீசுகிறேன். உங்கப்பா பார்த்துக்கொண்டே பல் விளக்குகிறார். மருமகள் இல்லாத வீட்டில் இன்னும் நானே வாசல் தெளிக்க வேண்டியிருக்கிறது என்று எதிர்வீட்டுக்காரி பரிதாபப்படுகிறாள்.